ஊசியிலை இல்லாத ஊசியிலை மரம்

பகாங், திரங்கானு கடற்கரைகளில் சவுக்கு மரங்களைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் அவற்றை 'ரு' என்பர். அவற்றை ஊசியிலை மரங்கள் என்றே பலரும் நினைக்கின்றனர். ஆனால், அந்த 'ஊசி' ஒன்றை மெல்ல இழுத்தால் அது கணுக் கணுவாகக் கழன்று வரும். அது இலையன்று, மெல்லிய பச்சைக் கிளை. உண்மையான இலைகள் கணுக்களைச் சுற்றி மிகச் சிறிய செதில்களாக ஒட்டியிருக்கும். காயும் கூம்புபோலத்தான் தோன்றும். ஆயினும், சவுக்கு பூக்கும் தாவர வகையைச் சேர்ந்தது.

மலேசிய மலைக்காடுகளில் இதற்கு நேர்மாறான மரம் ஒன்று உண்டு. அதன் பெயர் டாமார் மிஞ்ஞாக். சரவாக்கில் அதைப் 'பிண்டாங்' என்பர். அதன் இலை அகலமானது, தோல்போல் தடித்தது. இருந்தும் அது பைன் மரத்தைப் போலக் கூம்பு தாங்கும் இனமே. அதன் விதை கனிக்குள் இருப்பதில்லை. கூம்பின் செதில்மீது அமர்ந்திருக்கும். இத்தகைய மரங்களை 'ஊசியிலை மரங்கள்' என்று பொதுவாக அழைப்பது அவ்வளவு பொருத்தமில்லை.

ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் வளரக்கூடிய இம்மரத்தின் கிளைகள் கைக்கு எட்டா. ஆகவே, முதலில் மரத்தடியைப் பார்க்க வேண்டும். உதிர்ந்த இலையை வெளிச்சத்தில் பிடித்தால், நடுநரம்பு தெரியாது. மெல்லிய நரம்புகள் பல இணையாக ஓடும். மரப்பட்டை சிறு சில்லுகளாக உரிந்து, அடிமரத்தில் பள்ளங்களை விட்டுச் செல்லும். பட்டையில் காயம்பட்டால் பிசின் வடியும். 'டாமார்' என்னும் மலாய்ச் சொல்லின் பொருளே பிசின்தான். உருண்டையான கூம்பு முதிர்ந்ததும் மரத்திலேயே உடைந்து சிதறும். அதனால், தரையில் முழுக் கூம்பைத் தேடுவதைவிடச் செதில்களையும் சிறகுள்ள விதைகளையும் தேடுவதே பயன்தரும்.

தீபகற்ப மலேசியாவில் பினாங்கு மலை உள்ளிட்ட மலைக்காடுகளில் இம்மரம் வளர்கிறது. போர்னியோவில் 'கெராங்காஸ்' எனப்படும் சத்தற்ற மணல் நிலத்திலும் அது செழிக்கிறது. நெல் விளையாத நிலம் என்பதே இபான் மொழியில் அச்சொல்லின் பொருள்.

வார்னிஷ் செய்யப் பிசினுக்காகவும், நேரான பலகைக்காகவும் இம்மரத்தை மக்கள் நெடுங்காலமாகத் தேடி வந்துள்ளனர். அளவுக்கு மீறி ஆழமாகக் கீறினால் மரம் நலிந்துவிடும். காடழிப்பும் சேர்ந்ததால், அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழியும் அபாயத்தில் உள்ள மரமாகப் பட்டியலிட்டுள்ளது. இதன் விதைகள் விரைவில் முளைப்புத்திறனை இழப்பவை. தாய்மரங்களை வெட்டிவிட்டால், பிறகு முளைப்பதற்கு மண்ணில் விதை காத்திருக்காது.