குஞ்சுகளுக்குக் கரையான்: கழுவும் வேலை இல்லாத தீவனம்

குமணன்சாவடி, கரையான்சாவடிப் பகுதிகளில் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்போருக்குக் குஞ்சுகளின் முதல் சில வாரங்களே சோதனைக் காலம். அப்பருவத்தில் புரதச் சத்து குறைந்தால் வளர்ச்சி குன்றும். இதற்குக் கரையான் கைகொடுக்கும்.

மேலைநாடுகளில் பல்லி, ஓணான் வளர்ப்போர் இரைக்காகச் சுவர்க்கோழிகளைப் பெட்டியில் வளர்க்கின்றனர். எச்சத்தையும் செத்த பூச்சிகளையும் அடிக்கடி அகற்றாவிட்டால் நாற்றமும் பூஞ்சணமும் உண்டாகும். நமது பானை முறையில் இத்தொல்லை இல்லை. கரையான் தன் புற்றிலேயே வாழ்கிறது; வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

செய்முறை: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் ஆகியவற்றைத் திணித்து, ஈரம் படத் தண்ணீர் தெளிக்கவும். மாலையில் கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்து வைக்கவும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் எடுத்து, குஞ்சுகளின் முன் தட்டிவிடவும். எஞ்சிய சாணமும் வைக்கோலும் எருக்குழிக்கு உதவும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. புறநகரில் வீடு கட்டும்போது அஸ்திவாரத்தில் கரையான் மருந்து ஊற்றுவதுண்டு. குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து பட்ட கரையானைத் தின்றால் குஞ்சுகள் மடிய நேரிடும். எனவே மருந்திட்ட மனையில் பானை வைக்கக் கூடாது. பக்கத்து மனையில் மருந்து ஊற்றினார்களா என்பதையும் கேட்டறிவது நல்லது. வீட்டு நிலை, கதவு, மரச்சாமான்கள் அருகிலும் வைக்க வேண்டாம்.

கரையான் துணைத் தீவனமே. உடைத்த தானியம், சுத்தமான தண்ணீர் ஆகியவற்றையும் தவறாமல் அளித்து வர வேண்டும்.