சீட்டில் வந்த அவதாரம்

"அப்பா கிடைத்துவிட்டார்! அப்பா கிடைத்துவிட்டார்!"

இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பி, சற்றே கண்ணயர்ந்திருந்த நம் நண்பர் ஒருவர், தம் மகன் இப்படிக் கூவுவதைக் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தார். "நான் எப்போதடா காணாமற் போனேன்?" என்று கேட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்தார். பையன் கையில் ஒரு வண்ணச் சீட்டு இருந்தது. அதில் பறக்கும் காட்டெருமை ஒன்றின் படம். ஆறு கால்கள், நெற்றியில் அம்புக்குறி. அந்தக் காட்டெருமையின் பெயர்தான் அப்பா!

நாகபுரி ரயில்வே குடியிருப்பில் நிகழ்ந்த இந்தச் சம்பவத்தை நண்பர் நம்மிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெங்களூரிலிருந்து வந்த தாய்மாமன் முதலில் ஒரு பாக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு, சென்ற பொங்கலுக்குப் பெரியவர்கள் கையில் வைத்த பணம் முழுவதையும் பையன் அதே பாக்கெட்டுகளுக்குச் செலவிட்டுவிட்டான். ஒரு பாக்கெட்டின் விலை, அவர்கள் வீட்டில் ஒரு வாரத்துக்கு வாங்கும் காய்கறியின் விலைக்குக் குறைந்ததன்று. "இது விளையாட்டா, சூதாட்டமா? நீங்களாவது விசாரித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

சீட்டு என்ற சொல் நம் இல்லங்களில் என்றுமே நல்ல பெயர் எடுத்ததில்லை. ஆகையால் நாமும் ஐயத்துடனேயே விசாரிக்கத் தொடங்கினோம். அறிந்தவற்றை, பிள்ளைகளை வளர்க்கும் அன்பர்கள் அனைவருக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறோம்.

விளையாட்டு பிறந்த கதை

பையன் வைத்திருந்தவை 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் அமெரிக்க விளையாட்டின் சீட்டுகள். அதை வகுத்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித அறிஞர். வாஷிங்டன் மாநிலத்திலுள்ள 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற சிறு கம்பெனியிடம் அவர் வேறொரு விளையாட்டை எடுத்துச் சென்றார். கம்பெனியை நடத்திய பீட்டர் அட்கிசனோ, எளிதில் எடுத்துச் செல்லத்தக்கதாகவும் சிறிது நேரத்தில் ஆடி முடிக்கத்தக்கதாகவும் ஒன்று வேண்டுமென்றார். அதன் விளைவாக 1993-ஆம் ஆண்டில் இந்த விளையாட்டு வெளிவந்தது. பின்னர் 1999-இல் 'ஹாஸ்ப்ரோ' என்ற பெரிய பொம்மைக் கம்பெனி அந்தச் சிறு கம்பெனியை விலைக்கு வாங்கியது.

நாம் அறிந்த சீட்டுக்கட்டில் 52 சீட்டுகள். அனைவருக்கும் ஒரே கட்டு. இங்கேயோ ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு கட்டைத் தாமே சேர்த்துக்கொண்டு ஆட வரவேண்டும். முதல் வெளியீட்டில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன. இன்று 20,000-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வழக்கமான ஆட்டத்துக்குக் குறைந்தது 60 சீட்டுகள் வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர வேறெந்தச் சீட்டிலும் நான்கு பிரதிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆடுவோர் இருவருக்கும் ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். கையில் ஏழு சீட்டுகளுடன் ஆட்டம் தொடங்கும். சமவெளி, தீவு, சதுப்பு, மலை, காடு என்ற ஐவகை நிலங்களிலிருந்து சக்தியைப் பெற்று, அச்சக்தியைச் செலவிட்டு வீரர்களையும் மந்திரங்களையும் களத்தில் இறக்க வேண்டும். எதிராளியின் புள்ளிகளைப் பூஜ்யமாக்குபவர் வென்றவர்.

ஒவ்வொரு சீட்டிலும் அதற்குரிய விதி அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாசித்துப் பொருள் கொள்ளாமல் ஆட இயலாது. எவ்வளவு சக்தி இருக்கிறது, எதை இப்போது செலவிடுவது, எதை அடுத்த முறைக்கு நிறுத்தி வைப்பது என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சம்பளத் தேதிக்கு முந்திய வாரத்தில் நம் இல்லத்தரசிகள் போடும் கணக்குக்கும் இதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

அவதாரம் என்ற சொல்

இனி, அந்தக் காட்டெருமை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் 'நிக்கலோடியன்' தொலைக்காட்சியில் 2005 முதல் 2008 வரை 61 பகுதிகளாக ஒளிபரப்பான கார்ட்டூன் தொடர் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. படைத்தவர்கள் மைக்கேல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ என்ற இருவர். அவதாரம் என்ற நம் நாட்டுச் சொல்லே தலைப்பாக அமைந்திருப்பதைக் காண்க. நீர், நிலம், நெருப்பு, காற்று என்ற நான்கையும் தனித்தனியே ஆளும் நான்கு நாட்டு மக்கள் அக்கதையில் வருகின்றனர். நான்கையும் ஒருசேர ஆளவல்லவன் அவதார். அவன் இறந்தால் அதே ஆவி வரிசைப்படி அடுத்த நாட்டில் மறுபடியும் பிறக்கும். தொடரின் நாயகன் ஆங் என்ற 12 வயதுச் சிறுவன். நூறாண்டுகள் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்து, நெருப்பு நாட்டாரின் போர் உலகைச் சூழ்ந்திருக்கும் வேளையில் அவன் விழித்தெழுகிறான். அவனைச் சுமந்து பறக்கும் துணைதான் அப்பா. இறுதியில், கொடுங்கோல் மன்னனைக் கொல்லத்தான் வேண்டுமென்று பலரும் கூறியும், அவனைக் கொல்லாமல் அவனுடைய நெருப்பாற்றலை மட்டும் நீக்கிவிடுகிறான் ஆங்.

இத்தொடரின் பாத்திரங்களைக் கொண்ட மேஜிக் சீட்டுத் தொகுதி 2025 நவம்பர் 21-ஆம் தேதி வெளியாயிற்று. வெறும் படத்தை ஒட்டி விற்கும் தந்திரமாக இருக்குமென்றே நாம் முதலில் எண்ணினோம். விதிகளை வாசித்த பின்பு அவ்வெண்ணம் பாதி மாறியது. நிலத்தை ஆளும் வித்தையால் ஆடுபவரின் நிலச் சீட்டே எழுந்து போர்வீரனாகிறது. அது மடிந்தால் மீண்டும் நிலமாகவே திரும்பி வருகிறது. நீர் வித்தைக்கான செலவில் களத்திலுள்ள தோழர்களும் பங்கேற்கலாம். நெருப்பு வித்தை தாக்கும்போது சக்தியைத் தரும். போர் முடிந்ததும் அந்தச் சக்தி அணைந்துவிடும். காற்று வித்தையோ எதிரியின் வீரனை அழிப்பதில்லை. அவனைக் களத்திலிருந்து விலக்கி மட்டும் வைக்கிறது. அவனுக்கு உரியவர் இரண்டு அளவு சக்தியைக் கொடுத்து அவனை மறுபடி அழைத்துக்கொள்ளலாம். கொல்ல மறுத்த சிறுவனின் இயல்பு ஆட்ட விதியிலேயே பதிந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்தோம்.

விருந்தாளியும் வீட்டுக்காரரும்

இப்படி வெளிக்கதைகளை அழைத்து வருவது குறித்து, நெடுங்காலமாக ஆடி வருபவர்களிடையே பெரும் விவாதம் உண்டு. 2020-இல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாத்திரங்களுடன் இது தொடங்கியது. 2023-இல் டோல்கீனின் மோதிரக் கதை வந்தது. 2025-இல் வெளியான ஆறு பெருந்தொகுதிகளில் மூன்று வெளியிலிருந்து வந்தவை. அவற்றுள் ஒன்றான 'ஃபைனல் ஃபேன்டஸி' ஒரே நாளில் 20 கோடி டாலர் வருமானம் ஈட்டியதாகக் கம்பெனியின் தலைவரே அறிவித்தார். விருந்தாளிகள் ஏன் பெருகுகிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும். "எங்கள் விளையாட்டுக்கென்று முப்பதாண்டுக் கதையும் உலகமும் உண்டு, அவை மறைந்துபோகின்றனவே" என்பது பழைய ஆட்டக்காரர்களின் குறை. "விருந்தாளியால் வீட்டுக்குப் புது மனிதர்கள் வருகிறார்களே" என்பது மற்றவர்களின் பதில்.

பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலத்தில் குடியேறிய நமக்கு இவ்விவாதம் புதிதன்று. வந்த இடத்தின் முறைமைகளுக்கு அடங்கி நடக்கவும் வேண்டும். நம் பெயரையும் இயல்பையும் விட்டுவிடாமலும் இருக்க வேண்டும். அந்த அளவில் பார்த்தால் ஆங் நல்ல விருந்தாளியே. வீட்டின் விதிகளுக்குட்பட்டு ஆடுகிறான். தன் கொள்கையையும் கைவிடவில்லை.

பாக்கெட்டின் மயக்கம்

அப்படியானால் குறை எங்கே? அது பாக்கெட்டில் இருக்கிறது. இத்தொகுதியின் சாதாரணப் பாக்கெட்டில் ஆடுவதற்குரிய 14 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றாவது அரிய வகையாக இருக்கும். எந்த அரிய வகை என்பதோ கிழித்துப் பார்த்தால்தான் தெரியும். அரிய வகைகள் பல பத்து இருப்பதால், விரும்பிய ஒன்றே வருமென்று எத்தனை பாக்கெட் வாங்கினாலும் உறுதி கூற முடியாது. வந்த சீட்டே மறுபடி வருவதும் உண்டு. 2023-இல் டோல்கீன் தொகுதியில் உலகிலேயே ஒரே ஒரு பிரதியாக அச்சிடப்பட்ட மோதிரச் சீட்டு ஒன்று ஏதோ ஒரு பாக்கெட்டில் இடப்பட்டது. கனடாவில் அது கிடைத்தது. போஸ்ட் மலோன் என்ற அமெரிக்கப் பாடகர் சுமார் 20 லட்சம் டாலருக்கு அதை வாங்கினார். இச்செய்தியைக் கேட்ட பிள்ளைகள் அடுத்த பாக்கெட்டை எந்த எண்ணத்துடன் கிழிப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. விளையாட்டில் சூது இல்லை. வாங்கும் முறையில் சூதின் சாயல் இருக்கிறது. பிள்ளைக்குப் பழகிய கார்ட்டூன் முகம் அந்தச் சாயலை மறைத்துவிடுகிறது.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்படியானால் பிடுங்கி அடுப்பில் போட்டுவிடலாமா?" என்றார். நாம் வேறொன்று கேட்டோம்: "உங்கள் பையன் இந்தச் சீட்டுகளை வைத்து யாருடனாவது ஆடியிருக்கிறானா?" அவர் உள்ளே சென்று விசாரித்தார். ஒரு முறைகூட ஆடவில்லை! கிழிப்பதும் அடுக்குவதும் மறுபடி கேட்பதுமாகவே நாட்கள் கழிந்திருந்தன.

நம் கருத்தில் இதுவே சரியான அளவுகோல். பாக்கெட்டைக் கிழிக்க ஒருவன் போதும். ஆட்டத்துக்கோ எதிரே இன்னொருவர் உட்கார வேண்டும்.

ஆகவே அன்பர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, தொடங்குவோர்க்கென்று இத்தொகுதியிலேயே ஒரு பெட்டி விற்கிறார்கள். சேர்த்து வைத்த சிறு கட்டுகள் அதில் உள்ளன. இன்னது இருக்கிறது என்று முன்னரே தெரியும். இருவர் உடனே ஆடலாம். இரண்டாவது, குறிப்பிட்ட ஒரு சீட்டுத்தான் வேண்டுமென்றால், அதை மட்டும் உதிரியாக விற்பவரிடம் விலை கேட்டு வாங்கலாம். விலை கூடுதலென்று தோன்றினால் விட்டுவிடலாம். மூன்றாவது, பாக்கெட்டே வேண்டுமென்று பிள்ளை கேட்டால், மாதத்துக்கு இவ்வளவு என்று வரையறுத்து, செலவை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லலாம். நான்காவது, ஒரு நாளாவது நாமே அவனுடன் உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம்.

நண்பர் அந்தப் பெட்டியை வாங்கினார். சென்ற ஞாயிறன்று நாம் அவர் வீட்டுக்குப் போனபோது, தாழ்வாரத்தில் பையனும் அடுத்த வீட்டு மராத்திச் சிறுவனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தனர். விதியில் ஏதோ சண்டை. பாதி ஹிந்தியிலும் பாதி மராத்தியிலும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 'அப்பா' என்றால் தமிழில் என்ன பொருள் என்று அந்தச் சிறுவனுக்கும் இதற்குள் தெரிந்துவிட்டது. நம் நண்பரைக் கண்டதும் சீட்டை உயர்த்திக் காட்டிச் சிரித்தான்.

"நீங்களும் ஆடிப் பார்த்தீர்களா?" என்று நண்பரைக் கேட்டோம்.

"மூன்று ஆட்டம் ஆடினேன். மூன்றிலும் தோற்றேன்" என்றார் அவர். "அதில் ஒன்றில் என்னைத் தோற்கடித்ததே அப்பாதான்!"