ஆணமும் ஏலமும்: பள்ளத்தாக்கு வீடுகளின் அன்றாடச் சமையல் குறித்து

'சுன்னத்தான உணவு எது?' என்னும் வினா அண்மைக்காலமாக நம்மவரிடையே அடிக்கடி எழுகிறது. பேரீச்சம்பழம், தேன், கருஞ்சீரகம், வாற்கோதுமை ஆகியவை 'நபிவழி உணவு' என்னும் முத்திரையுடன் கடைகளில் விற்கப்படுகின்றன. சிறு நகரங்களிலும் மந்தீ, கப்ஸா உணவகங்கள் பெருகியுள்ளன. அவற்றை உண்பதே ஒருவகை மார்க்கப் பற்று என்று கருதும் இளைஞர்களும் உள்ளனர். மந்தீ யமனின் ஹளரமவ்த் பகுதி மக்களின் உணவு என்பதும், அதில் வேகும் நீளரிசியின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து செல்வது என்பதும், உடன் வைக்கும் தக்காளித் துவையலின் மூலப்பொருள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. மந்தீ சுவையான உணவு. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. தாயார் கிண்டிய கம்மங்களியும் மொச்சை ஆணமும் மார்க்கத்தோடு தொடர்பற்ற வெறும் ஊர்ச் சாப்பாடு என்று எண்ணுவதில்தான் மாறுபாடு உண்டு. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின், குறிப்பாகப் பண்ணைப்புரம், கோம்பை, தேவாரம் வட்டாரத்தின் அன்றாடச் சமையலை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பயனளிக்கும்.

பண்ணைப்புரத்தை இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊராகவே பலரும் அறிவர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மழை மறைவுப் பகுதியில் அமைந்த ஊர் அது. 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்து நீர் கிழக்கே திருப்பப்பட்ட பின்னர், கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையிலான ஆற்றோரத்து நிலங்கள், ஏறத்தாழ 14,707 ஏக்கர், இருபோக நெல் விளையும் கழனிகளாயின. பண்ணைப்புரம் போன்ற மேட்டு ஊர்களோ கிணற்றையும் வானத்தையும் நம்பியே வாழ்ந்தன. ஆகவே ஒரே பள்ளத்தாக்கில் இரு அடுக்களைகள் தோன்றின: ஆற்றோரத்தில் நெற்சோறு, மேட்டில் சோளமும் கம்பும் கேழ்வரகும் மொச்சையும் நிலக்கடலையும். பொதுவிநியோக அரிசி இவ்வேறுபாட்டைப் பெரிதும் அழித்துவிட்டது எனினும், மொச்சையின் மீதுள்ள நாட்டத்தை அழிக்க இயலவில்லை. கருவாடும் மொச்சையும் கத்தரிக்காயும் சேர்ந்த புளி ஆணம் மேட்டூர்க்காரர் நாவுக்கு இன்றும் விருந்துதான். கடலுக்கு வெகுதூரத்தில் வாழ்பவருக்குக் கடல் உணவு கருவாடாகத்தானே வந்து சேர இயலும்!

'ஆணம்' என்னும் சொல்லையும் இங்குக் கவனிக்க வேண்டும். குழம்பை ஆணம் என்பதும், சாதம் என்னாமல் சோறு என்பதும் தமிழ் முஸ்லிம்களின் வழக்கு. ஆணம் அரபுச் சொல்லோ உருதுச் சொல்லோ என்று ஐயுறும் பிறசமயச் சகோதரர்களை நான் கண்டதுண்டு; நம்மவரிலும் சிலர் அவ்வாறே கருதுகின்றனர். அது தமிழ்ச் சொல்லேயாகும். பிறர் கைவிட்ட சொல்லை நம் அடுக்களைகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. மார்க்க அடையாளம் என்று நாம் எண்ணும் ஒன்று மொழியின் பழமையாக இருப்பதற்கு இஃதொரு சான்று.

இனி, நபிமொழிகளின்பால் வருவோம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். பொரித்த 'ளப்பு' ஒன்று உணவாக வைக்கப்பட்டது. அண்ணல் நபி (ஸல்) கையை நீட்டினார்கள். அது இன்னதென்று தெரிவிக்கப்பட்டதும் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) வினவியபோது, இல்லை என்றும், தம் மக்கள் வாழும் நிலத்தில் அது காணப்படாமையால் தமக்கு மனம் ஒப்பவில்லை என்றும் விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டு, நபியவர்கள் பார்த்திருக்கவே உண்டார்கள். (நம் மொழிபெயர்ப்புகள் ளப்பை 'உடும்பு' என்கின்றன. உடும்பு ஊன் தின்னும் உயிர். ளப்போ பெரும்பாலும் தழை தின்னும், முள்வால் கொண்ட பாலைநிலப் பல்லி. ஹனஃபி இமாம்கள் வேறு ஆதாரங்களைக் கொண்டு அதை உண்பதை வெறுக்கத்தக்கதாகக் கருதினர். அவ்விவாதம் இங்கு வேண்டா.) நாம் கொள்ள வேண்டிய நுட்பம் இதுவே: தமக்குப் பிடிக்காமையை நபியவர்கள் சட்டமாக்கவில்லை; அதற்கு மண்ணையே காரணமாகக் காட்டினார்கள். சுவை நிலத்தைச் சார்ந்தது; அனுமதியும் விலக்கும் வஹியைச் சார்ந்தவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே இன்றைய மயக்கத்தின் வேர்.

உண்பதற்குத் துணையாக என்ன இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டபோது வீட்டில் காடி மட்டுமே இருந்ததாகவும், அதைத் தருவித்து உண்டு, நல்ல துணையுணவு என்று பாராட்டியதாகவும் ஜாபிர் (ரலி) வழியாக முஸ்லிமில் ஒரு செய்தி உண்டு. காடியின் மருத்துவக் குணங்களைப் பற்றி இந்த ஹதீஸைக் கொண்டு நூல்கள் எழுதப்பட்டுள்ளன. வீட்டில் இருந்ததைக் குறை கூறாது உவந்து உண்டார்கள் என்பதன்றோ அதன் முதற்பொருள்! பழைய சோற்றுக்கு வெங்காயமும் ஊறுகாயுமே இருக்கும் நாளில் முகம் சுளிக்காமல் உண்டு எழுபவர், காடிப் புட்டி வாங்கி வைத்திருப்பவரைவிட இந்த ஹதீஸுக்கு அண்மையில் இருக்கிறார் என்பது என் கருத்து.

புளிப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. பக்தாதின் முஹம்மது பின் ஹஸன் ஹிஜ்ரி 623இல் (கி.பி. 1226) தொகுத்த சமையல் நூலில் இறைச்சி ஆணங்களுக்குப் புளிப்பேற்றக் காடி, மாதுளைச் சாறு, சுமாக், காய்த்திராட்சைச் சாறு ஆகியவை பயன்படுகின்றன. கம்பத்தைச் சுற்றி எங்கு நோக்கினும் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். ஆயினும் ஆணத்தில் திராட்சைக்காயைப் பிழிய இங்கு எவருக்கும் தோன்றுவதில்லை. இங்குப் புளிப்பு என்றால் புளிதான். அந்தப் புளியை அரபுகள் 'தம்ர் ஹிந்தீ', இந்தியப் பேரீச்சை என்று அழைத்தனர். கி.பி. 14ஆம் நூற்றாண்டில் மதுரைக்கு வந்த இப்னு பதூதா, அங்குப் பரவியிருந்த கொள்ளைநோய்க் காலத்தில் கடுங்காய்ச்சலுற்று, ஏறத்தாழ ஓர் இராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு போய் நலமடைந்ததாகத் தம் பயண நூலில் எழுதியுள்ளார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தாமகானீ அவருக்குச் சகலை முறை. அரண்மனை உறவினருக்கும் மருந்தாக நின்றது நம் வீட்டுப் புளிப்பானைச் சரக்கே.

இஞ்சியின் கதை இதனினும் நெடியது. திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயம் சுவனவாசிகளின் பானத்தில் கலந்திருப்பதாகக் கூறும் 'ஸன்ஜபீல்' என்னும் சொல்லை, இமாம் ஸுயூத்தீ தம் 'அல்-இத்கான்' நூலில் பாரசீக வழிவந்த சொற்களுள் சேர்த்துள்ளார். பாரசீகத்துக்கு அப்பாலும் அதன் தடத்தைத் தேடிய மொழியியலாளர் பாலி, வடமொழி வடிவங்களைக் கடந்து தென்னாட்டு 'இஞ்சிவேர்' வரை வந்துள்ளனர். ஏலத்தை அரபுகள் 'ஹைல்', 'ஹால்' என்பதும் ஏலம், ஏலா ஆகியவற்றோடு உறவுடையது. அரபு உணவு, தமிழ் உணவு என்று கோடு கிழிப்போர், அரபியின் காவாவில் மணப்பது எவருடைய மலைச்சரக்கு என்று எண்ணிப் பார்க்கட்டும்.

சமையல் வழக்குகளில் மார்க்கத்தின் கை அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பள்ளத்தாக்கின் இராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊரார் ஷாஃபிஈகள். ஹனஃபிகளிடம் நீர்வாழ் உயிர்களுள் மீன் மட்டுமே ஆகுமானது; ஷாஃபிஈகளிடம் வாயில் அகன்றது. ஆகவே கணவாய் அங்கு விருந்து; இங்கு விலக்கு. இறாலில் ஹனஃபி அறிஞர்களே கருத்து வேறுபட்டனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்றோர் அதை மீன் இனமாகக் கொண்டு அனுமதித்தனர். வேறு சிலர் பேணுதல் கருதித் தவிர்த்தனர். கடற்கரையிலிருந்து மணமுடித்து வரும் பெண்ணின் நாட்டம் மலையடிவார வீட்டில் இழிவாகப் பேசப்படுமாயின், அது மத்ஹபைப் பேணுவதாகாது; இருவர் பக்கமும் இமாம்கள் உள்ளனர். வழக்காறு தீர்ப்பளிக்கும் தகுதியுடையது என்று பொருள்படும் 'அல்-ஆதது முஹக்கமா' என்னும் விதியை ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் விரிவாக ஆராய்ந்துள்ளார். நஸ்ஸுக்கு முரணாகாத வரையில் ஊர் வழக்கம் மதிப்புடையதே.

நாம் உண்மையில் கவலைகொள்ள வேண்டிய இடம் வேறு. இறைமறை உண்ணுமாறு பணிக்கும்போது ஹலால் என்பதோடு நில்லாது 'தய்யிப்', அதாவது தூயது, நல்லது என்பதையும் இணைத்துச் சொல்கிறது (2:168). அறுப்பைப் பற்றி நுணுகி விசாரிக்கும் நாம், இரண்டாம் சொல்லைப் பற்றி விசாரிப்பதில்லை. பண்ணைப்புரம், தேவாரம், போடி ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் ஏறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர் ஏராளம். நண்பகல்வரை கெடாதிருக்கும் புளிச்சோற்றைத் தூக்குவாளியில் சுமந்து செல்லும் அவர்கள் பறிக்கும் ஏலம், போடிநாயக்கனூர் ஏல விற்பனைக்கு வருகிறது. 2019இல் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்ட சரக்கு அது. பறித்தவர் வீட்டில் பெருநாள் பாயசத்துக்கு நான்கு காய் தட்டிப் போட்டால் அதுவே மிகுதி. அந்தச் செடிகளுக்கு மருந்தடிக்கும் அளவும் மிகுதி. பூச்சிக்கொல்லி எச்சத்தைக் காரணம் காட்டி 2018இல் சவூதி அரேபியா இந்திய ஏலத்தை மறுத்தது. 2024 ஏப்ரலில் இந்திய மசாலாப் பொடிகள் சிலவற்றில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகக் கூறி ஹாங்காங் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கையிட்டுப் பார்த்து, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த நபியவர்களின் உம்மத்து, தன் கடைகளிலும் தோட்டங்களிலும் இதனைப் பேச வேண்டாமா? மருந்துப் புகையைச் சுவாசிக்கும் தொழிலாளியின் நுரையீரலும் 'தய்யிப்' என்னும் சொல்லுக்குள் அடங்குமா என்பதை நம் ஃபத்வாக் குழுக்கள் ஆராயலாம். அடங்கும் என்றே நான் கருதுகிறேன்.

வீட்டளவில் செய்யக்கூடியது எளிது. மிளகாயும் மல்லியும் முழுதாக வாங்கி, வெயிலில் காயவைத்து, அரைவை ஆலையில் கண்முன் அரைத்து வாங்கும் வழக்கம் பள்ளத்தாக்கில் இன்னும் முற்றாக மறையவில்லை. வடுகபட்டிச் சந்தையின் மலைப்பூண்டும், ஆண்டிபட்டி முருங்கையும், செக்கில் ஆட்டிய கடலெண்ணெயும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. கருஞ்சீரகப் புட்டிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதி இவற்றுக்குச் சென்றால் நன்று.

ஆணம் வைத்தால் நீரை மிகுதியாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தியதை முஸ்லிமில் காண்கிறோம். அந்த ஹதீஸில் வரும் 'மரக்கா' என்னும் சொல்லுக்கு 'ஆணம்' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை. நம் தால்ச்சா இந்த அறிவுரையின் வடிவம் போலவே தோன்றுகிறது. அரைக் கிலோ எலும்புக்கறியைப் பருப்பும் மாங்காயும் கத்தரிக்காயும் சுரைக்காயும் சேர்த்து இருபது பேருக்கு நீட்டுகிற ஆணம் அது. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நபியவர்கள் தட்டின் ஓரங்களில் சுரைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி), அன்றுமுதல் தாமும் சுரைக்காயை விரும்பலானார் என்பது புகாரீயில் உள்ள செய்தி. ரமளானில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளியுடன் வந்து நிற்கும் பிறசமயக் குழந்தைகளை எங்கள் பக்கத்தில் எவரும் திருப்பி அனுப்புவதில்லை. கூட்டம் கூடிவிட்டால் கொப்பரையில் இன்னும் இரண்டு குடம் வெந்நீர் ஊற்றப்படுகிறது.