பள்ளிக் கணினியில் பூட்டு உண்டு, சாவி யாரிடம்?

புதுதில்லி: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, அரசுக்கு அளிக்கப்பட்ட விலக்குகளும் தகவல் அறியும் உரிமையுமே சர்ச்சைக்குள்ளாயின. பள்ளிக் கணினிகள் அதிகம் பேசப்படவில்லை. ஆனால், 18 வயதுக்குக் குறைந்த அனைவரையும் குழந்தைகள் என்கிறது இச்சட்டம். தரவுகளுக்குப் போதிய பாதுகாப்பு அளிக்கத் தவறினால் ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதங்கள் கழித்தே அமலாகும்.

பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் உள்ள தமிழ்வழிப் பள்ளிகளையும் இது தொடும். கேரளம் 2001-இல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. அங்குள்ள பள்ளிக் கணினிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில் இயங்குகின்றன. உரிமக் கட்டணம் இல்லை என்பது ஊரறிந்த சிறப்பு. அதன் அனுமதி முறையோ அவ்வளவாக அறியப்படவில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, மற்றவர் என மூன்று தரப்பினர். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்பது கணக்கு. மதிப்பெண் பட்டியலுக்கு 640 எனக் குறித்தால், அதை உருவாக்கிய ஆசிரியர் திருத்தலாம். ஆசிரியர் குழு படிக்கலாம். மாணவர் கணக்கிலிருந்து திறக்க முடியாது. கோப்பு திறக்காத எரிச்சலில் 777 என்று தட்டினால் எல்லாருக்கும் எல்லாம் திறந்துவிடும். அவசர வைத்தியம்தான்; ஆனால் அதற்குப்பின் பூட்டே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. கோப்பை அழிக்கும் அதிகாரம் கோப்பில் இல்லை, அது இருக்கும் கோப்புறையில் இருக்கிறது. பொதுக் கோப்புறையில் எழுத அனுமதி பெற்ற மாணவர், தான் திறக்கவே முடியாத சக மாணவரின் செய்முறைத் தேர்வுக் கோப்பை நீக்கிவிடலாம். இதைத் தடுக்கக் கோப்புறைக்கு 1777 எனக் குறிக்க வேண்டும். அப்போது அவரவர் கோப்பை அவரவரே அழிக்க முடியும். கோப்புறையின் உரிமையாளரும் நிர்வாகியும் மட்டும் விலக்கு. எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைந்தால் இத்தனை ஏற்பாடும் வீண். கணினிக்கு எல்லாரும் ஒருவரே.

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு மாநிலங்களுக்குச் சொல்கிறது. 1956-இல் அப்பிரிவைச் சேர்த்தவர்கள் பாடப்புத்தகத்தை மனத்தில் கொண்டிருக்கலாம். இன்று தமிழ்வழி ஆசிரியருக்குக் கணினி நிர்வாகப் பயிற்சியும் கையேடும் தமிழில் கிடைக்கவேண்டும் என எல்லைப்புற எம்.பி.க்கள் கேட்பதற்கு, விதிகள் முழுமையாக அமலாகும் 2027 மே வரை அவகாசம் இருக்கிறது.