கப்பலின் 'சாதாரண இரவு': நமது பிள்ளைகள் என்ன உடுத்துவது?

உல்லாசக் கப்பலில் நான்கைந்து நாட்கள் பயணம் செய்வது ஒரு காலத்தில் நமக்குத் தொடர்பில்லாத விடயமாக இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. வளைகுடாவில் தொழில் புரியும் நமது குடும்பங்கள் துபாயிலிருந்து கப்பல் ஏறுகின்றன. பாடசாலை விடுமுறையில் சிங்கப்பூருக்குச் செல்வோர் அங்கிருந்தே மூன்று நான்கு இரவுகள் கடலில் சென்று வருகின்றனர். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என நமது துறைமுகங்களுக்கே வந்தது.

பயணச்சீட்டு கைக்கு வந்ததும் வீட்டில் எழும் முதற்கேள்வி உணவு. ஹலால் கிடைக்குமா என்று விசாரிக்கிறோம், அது அவசியமும்கூட. இரண்டாவது கேள்வி உடை. ஆனால் அதை யாரும் விசாரிப்பதில்லை. கப்பல் நிறுவனம் அனுப்பும் தாளில் 'இரவு உடை: கெஷுவல்' என்று ஒரு வரி இருக்கும். அதை வாசிக்கும் மகன் அரைக்காற்சட்டையும் கையில்லாத பெனியனும் போதும் என்று நினைத்துக்கொள்கிறான். அதே வரியை வாசிக்கும் மகள், அபாயாவும் ஹிஜாபும் அணிந்தால் சாப்பாட்டு மண்டபத்தில் தன்னை மட்டும் எல்லோரும் பார்ப்பார்களோ, வாசலிலேயே தடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள். இருவருமே அந்த வரியைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்.

கப்பல் உண்மையில் கேட்பது என்ன?

பெரும்பாலான கப்பல்களில் இரவுகள் இரு வகை. ஒன்று சாதாரண இரவு, மற்றது அலங்கார இரவு. உதாரணத்துக்கு கார்னிவல் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு முதல் ஐந்து நாள் பயணத்தில் ஒரு இரவும், ஆறு நாட்களும் அதற்கு மேலும் செல்லும் பயணத்தில் இரண்டு இரவுகளும்தான் அங்கு அலங்கார இரவுகள். எஞ்சிய அனைத்தும் சாதாரண இரவுகளே. ஆகவே பிள்ளைகளின் உடையில் பெரும்பகுதி இந்தச் சாதாரண இரவுகளுக்கானதுதான்.

அந்த இரவுகளுக்கு அதே நிறுவனம் ஆண்களிடம் எதிர்பார்ப்பது நீளக் காற்சட்டை அல்லது டெனிம், கழுத்துப்பட்டை வைத்த ஷேர்ட் போன்றவை. நேர்த்தியான அரைக்காற்சட்டைக்கும் அனுமதி உண்டு. பெண்களுக்கு சாதாரண கவுண், பாவாடை, காற்சட்டை, மேற்சட்டை. பிரதான சாப்பாட்டு மண்டபத்துக்குள் வேண்டாம் என்று சொல்லப்படுபவை எவை என்று பாருங்கள்: நீச்சல் உடை, ஆண்களின் கையில்லாத மேலாடை, விளையாட்டுக்கு அணியும் அரைக்காற்சட்டை, ஓரம் வெட்டிய டெனிம், கடற்கரைக்கு அணியும் பாட்டா செருப்பு. ஆபாசமான அல்லது பிறரை இழிவுபடுத்தும் வாசகங்கள் அச்சிட்ட உடைகளும் கூடாது.

இந்தப் பட்டியலில் நீளமான உடைக்கோ, தளர்வான உடைக்கோ, தலையை மறைப்பதற்கோ தடை இல்லை. தடுக்கப்பட்டவை எல்லாம் உடலைக் கூடுதலாகக் காட்டுபவை, அல்லது சாப்பாட்டு மேசைக்குப் பொருந்தாதவை. சில கப்பல்களில் இரவு உணவின்போது தொப்பி அணிய வேண்டாம் என்று சொல்வார்கள். அது கிரிக்கெட் பார்க்கப் போகும்போது அணியும் விளிம்பு வைத்த தொப்பியைக் குறிப்பது. ஹிஜாபைக் குறிப்பதல்ல.

எனவே அபாயா அணிந்த மகள் அந்த மண்டபத்தின் விதிக்கு முழுமையாக உட்பட்டவள். பெனியனுடன் வரும் மகனைத்தான் வாசலில் நிற்கும் பணியாளர் திருப்பி அனுப்புவார். நமது வீடுகளில் நினைப்பதற்கு இது நேர்மாறானது.

மகனின் உடையை யார் பார்ப்பது?

இங்குதான் நாம் கொஞ்சம் நின்று சிந்திக்க வேண்டும். பயணத்துக்குப் பெட்டி அடுக்கும்போது மகளின் ஒவ்வொரு உடையையும் உம்மா விரித்துப் பார்க்கிறார். நீளம் போதுமா, துணி மெல்லியதா, கை மூடுமா என்று கவனிக்கிறார். மகனின் உடையை யாரும் விரித்துப் பார்ப்பதில்லை. 'ஆம்பிளப் பிள்ளைதானே' என்ற ஒரு வார்த்தையில் அது முடிந்துவிடுகிறது.

மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. சூரா அந்நூரில் பார்வையையும் கற்பையும் பேணும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வருகிறது. அதற்கு அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு வருகிறது. நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது. பருவமடைந்த மகனுக்கு இது கடமை.

கடையில் நின்று அளக்கும்போது முழங்காலை மறைக்கும் அரைக்காற்சட்டை, கதிரையில் அமர்ந்ததும் தொடை வரை ஏறிவிடும். இடுப்பில் தாழ்ந்து நிற்கும் டெனிமும் கட்டையான டீசேர்ட்டும் அணிந்தவர் ருகூஃவிலும் சுஜூதிலும் முதுகின் கீழ்ப்பகுதியை வெளிக்காட்டிவிடுவார். நமது பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு வரும் இளைஞர்களிடம் அடிக்கடி காணும் குறைதான் இது. நீளக் காற்சட்டையும் இடுப்புக்குக் கீழே இறங்கும் ஷேர்ட்டும் அணிந்தால் கப்பலின் விதியும் நிறைவேறும், தொழுகையும் சீராகும்.

மகளிடம் மட்டும் கண்டிப்புக் காட்டி மகனை விட்டுவிடும்போது, உடை என்பது அல்லாஹ்வின் கட்டளை அல்ல, பெண்பிள்ளைக்குப் போடும் வேலி என்று அவள் விளங்கிக்கொள்கிறாள். அவ்வாறு விளங்கிக்கொண்ட பிள்ளை, கப்பலில் உம்மா வாப்பாவின் கண் மறைந்ததும் அந்த வேலியைத் தாண்டத்தான் பார்ப்பாள். கார்னிவல் கப்பல்களில் 12 முதல் 14 வயது வரையானோருக்கு ஒரு மன்றம், 15 முதல் 17 வரையானோருக்கு இன்னொன்று. இரவில் அவர்களின் நிகழ்ச்சிகள் அங்குதான் நடக்கும், பெற்றோர் உடனிருப்பதில்லை. உடையின் காரணத்தை விளங்கிய பிள்ளைக்கு அங்கு யாருடைய காவலும் தேவையில்லை.

மகளின் பயம் எங்கிருந்து வந்தது?

மகளின் தயக்கத்தை வெறும் வெட்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2019 ஏப்ரல் தாக்குதல்களின் பின்னர், அம்மாதம் 29ஆம் திகதி முதல் முகத்தை மூடும் ஆடைகளுக்கு இந்நாட்டில் அவசரகால விதிகளின் கீழ் தடை வந்தது. தடை முகத்திரைக்கு மட்டுமே என்றாலும், வெறும் ஹிஜாப் அணிந்தவர்களும் பொது இடங்களில் சங்கடப்பட்டார்கள். அன்று எட்டு, ஒன்பது வயதில் அதைக் கண்ட பிள்ளைகள்தான் இன்று பதின்ம வயதில் இருக்கிறார்கள். அந்நியர் நிறைந்த இடத்தில் தனது உடையைப் பற்றிக் கேட்பார்கள் என்ற எதிர்பார்ப்பு அவர்களின் மனதில் ஊறியிருக்கிறது.

அந்தப் பிள்ளையிடம் 'யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், பயப்படாதே' என்பது போதாது. நிறுவனத்தின் விதியை அவளுடன் அமர்ந்து வாசியுங்கள். தடை எது, அனுமதி எது என்பதை அவளே கண்ணால் காணட்டும். முகத்திரை அணிபவர்கள் ஒரு விடயத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். கப்பலில் ஏறும்போது ஒவ்வொரு பயணியையும் படம் எடுப்பார்கள். துறைமுகத்தில் இறங்கித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்துடன் முகத்தை ஒப்பிடுவார்கள். இது எல்லாப் பயணிகளுக்கும் பொதுவானது. பெண் அலுவலரிடம் முகத்தைக் காட்ட விரும்புவதாக வாப்பா பணிவாக முன்னரே சொல்லிவைக்கலாம்.

கடலுக்கு ஏற்ற துணி

விதி ஒருபுறமிருக்க, கப்பலுக்கென்று சில நடைமுறைகள் உண்டு. மேல்தளத்தில் காற்று பலமாக வீசும். வழுக்கும் சிபொன் சால்வை அங்கு நிற்காது. உடலோடு ஒட்டி நிற்கும் ஜெர்சித் துணி ஹிஜாபும் இரண்டு மூன்று ஊசிகளும் நல்லது. மெல்லிய அபாயா காற்றில் தூக்கும் என்பதால் உள்ளே தளர்வான காற்சட்டை அணிய வேண்டும். படிக்கட்டுகள் அதிகம், தளங்கள் ஈரமாக இருக்கும். நிலத்தில் இழுபடும் நீளம் ஆபத்தானது, கணுக்கால் அளவில் நிற்பது போதும். வழுக்காத சப்பாத்து அவசியம்.

உள்ளேயோ நிலைமை வேறு. சாப்பாட்டு மண்டபத்திலும் அரங்கிலும் குளிரூட்டி கடுமையாக இருக்கும். கையில்லாத உடையில் வருபவர்கள் நடுங்கும்போது, முழுக்கை அணிந்த நமது பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள். அதற்கு மேல் ஒரு மெல்லிய ஜக்கெட் போதும்.

தீ விபத்தைத் தவிர்ப்பதற்காகப் பெரும்பாலான கப்பல்களில் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி பாவிக்க விடமாட்டார்கள். கசங்கும் பருத்தியை விட்டு, கசங்காத துணியைத் தெரிவு செய்யுங்கள். ஏறும்போது ஒப்படைக்கும் பெரிய பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். முதல் இரவுக்கான உடையையும் தொழுகைக்கான உடையையும் கைப்பையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

மாலையில் நீச்சல் தடாகத்துக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு, லெபனான் வம்சாவளி அவுஸ்திரேலியரான அஹெடா ஸனெட்டி 2004ஆம் ஆண்டளவில் வடிவமைத்த புர்கினி போன்ற உடல் மூடிய நீச்சல் உடைகள் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அதுவும் நீச்சல் உடைதான். எவ்வளவு மூடியிருந்தாலும் அதனுடன் சாப்பாட்டு மண்டபத்துக்குள் செல்ல முடியாது. அறைக்குச் சென்று மாற்றிக்கொள்ள வேண்டும். மகனின் ஈரக் காற்சட்டைக்கும் இதே விதிதான்.

மஃரிப் நேரமும் உடையும்

பல கப்பல்களில் இரவு உணவு இரண்டு அமர்வுகளாக நடக்கும். ஒன்று மாலை ஆறு மணியளவில், மற்றது எட்டு மணிக்குப் பின்னர். சிங்கப்பூர்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் மஃரிப் ஏறக்குறைய ஏழு மணிக்கு வருகிறது. முதல் அமர்வில் இருப்பவர் உணவின் நடுவே மஃரிபைச் சந்திப்பார். இரண்டாம் அமர்வைக் கேட்டுப் பெற்றால் தொழுதுவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம். பயணிக்கு ஜம்உ, கஸ்ர் சலுகைகள் உண்டு. அவற்றின் நிபந்தனைகளைப் புறப்படும் முன்னரே ஊர் உலமாவிடம் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று கேட்டுக்கொள்வது நல்லது.

மாலை உடையைத் தெரிவு செய்ய இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை: இதே உடையுடன் தொழ முடியுமா? முடியுமென்றால் அதே உடையுடன் மண்டபத்துக்கும் போகலாம், தளத்திலும் நடக்கலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகையில் பெண்ணின் பாதமும் மறைய வேண்டும் என்பதால், மகளின் கைப்பையில் ஒரு சோடி காலுறை இருக்கட்டும். மகனின் பெட்டியில் ஒரு சாரன் இருந்தால் அறையில் தொழவும் தூங்கவும் உதவும். அலங்கார இரவுக்கு டை கட்ட விரும்பும் மகன் அதன் உள்பட்டியை வாசிக்கட்டும். தூய பட்டு ஆண்களுக்கு ஆகாது.

செலவும் தெரிவும்

இதற்காகக் கடையேற வேண்டியதில்லை. நான்கைந்து இரவுகளுக்கு மகனுக்கு இரண்டு நீளக் காற்சட்டை, மூன்று ஷேர்ட், ஒரு சோடி சப்பாத்து. மகளுக்கு இரண்டு அபாயா, அல்லது நீளச் சல்வாரும் தளர்வான காற்சட்டையும், மூன்று ஹிஜாப். கடந்த பெருநாளுக்கு எடுத்தவையே போதுமானவை. பயணச் செலவே பெரிது என்னும்போது, முன்பின் தெரியாதவர்களுக்குக் காட்டுவதற்காகப் புத்துடை வாங்கிக் கடன்படுவது வீண்விரயம்.

மதுவும் சூதாட்டமும் நடக்கும் கப்பலுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களும் நம்மில் உள்ளனர். அந்தக் கேள்வி நியாயமானது. போக முன்னர் ஒவ்வொரு குடும்பமும் அதைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று தெரிவுகளும் இருக்கின்றன. 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து பயணத்தை ஆரம்பித்த சவூதியின் அரோயா கப்பலில் மதுவும் இல்லை, சூதாட்டமும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கெந்திங் ட்ரீமில் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவு கிடைக்கிறது. எனினும் எந்தக் கப்பலில் ஏறினாலும் பிள்ளை தனது உடையைத் தானே தெரிவு செய்ய வேண்டிய மாலை வரத்தான் செய்யும்.

அல்குர்ஆன் இறையச்சத்தையே சிறந்த ஆடையாகச் சொல்கிறது. அந்த ஆடையைப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்க எந்த உம்மாவாலும் முடியாது. நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. இம்முறை கப்பலின் விதியையும் மார்க்கத்தின் வரம்பையும் ஒரே தாளில் எழுதி, மகனிடமும் மகளிடமும் கொடுப்போம். பெட்டியை அவர்களே அடுக்கட்டும். அடுக்கி முடிந்ததும் இரண்டு பெட்டிகளையும் ஒரே கண்ணால் பார்ப்போம்.