குடித்தொகை அடர்த்தி: ஆளுக்கு எத்தனை பேர்ச் காணி?

மையவாடிக்கு இடம் காணாது, பாடசாலைக்கு மைதானம் இல்லை, குமர்ப் பிள்ளைக்கு வீடு கட்ட வளவு இல்லை. கிழக்கிலங்கையின் கரையோர ஊர்களில் இந்தப் பேச்சு அடிபடாத கூட்டம் குறைவு. ஆனால் இதையே மகஜராக எழுதும்போது "சனம் கூடிப்போச்சு, காணி காணாது" என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறோம். எத்தனை சனம், எவ்வளவு காணி, ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு அதில் இருப்பதில்லை. அந்தக் கணக்கின் பெயர்தான் குடித்தொகை அடர்த்தி.

கணக்கு இலேசானது. ஓர் இடத்தில் வாழும் மொத்த மக்களின் எண்ணிக்கையை அந்த இடத்தின் நிலப்பரப்பால் பிரிக்க வேண்டும். வரும் விடையைச் சதுர கிலோமீட்டருக்கு இத்தனை பேர் என்று சொல்வோம்.

இலங்கையையே எடுத்துப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின்படி நாட்டின் குடித்தொகை 20,359,439. குளம், ஆறு, களப்பு போன்ற உள்நாட்டு நீர்நிலைகள் நீங்கலான நிலப்பரப்பு 62,705 சதுர கிலோமீட்டர். பிரித்தால் 325 வரும். நீர்நிலைகளையும் சேர்த்த மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். அதனால் பிரித்தால் 310. ஆட்கள் கூடவுமில்லை, குறையவுமில்லை. எந்த நிலத்தால் பிரித்தோம் என்பது மாறியதும் விடையும் மாறிவிட்டது. ஆகவே ஓர் அடர்த்திக் கணக்கைக் கண்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த நிலத்தை வைத்துப் பிரித்தீர்கள்?" என்பதுதான்.

அடுத்தது, சராசரி செய்யும் வேலை. நாட்டின் சராசரி 325 என்றாலும் அதே 2012இல் கொழும்பு மாவட்டத்தில் 3,400க்கும் மேல், முல்லைத்தீவில் வெறும் 38. மாவட்டத்துக்குள் இறங்கினால் வித்தியாசம் இன்னும் விரியும். மட்டக்களப்பு மாவட்டத்தின் அடர்த்தி ஏறக்குறைய 202. அந்த மாவட்டத்துக்குள்தான் காத்தான்குடியும் இருக்கிறது. கிழக்கே கடல், மேற்கே வாவி, இரண்டுக்கும் இடையில் ஒடுங்கிய நிலம். 2012இல் அந்தப் பிரதேச செயலகப் பிரிவில் ஏறக்குறைய 40,000 பேர். நிலமோ பத்துச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. தாராளமாகப் பத்து என்றே வைத்துக்கொண்டாலும் அடர்த்தி 4,000. மாவட்டச் சராசரியைப் போல் இருபது மடங்கு. உண்மையான எண் அதற்கும் மேலேதான் இருக்கும்.

சதுர கிலோமீட்டர் என்றால் நம்ம சனத்துக்கு மனதில் பிடிபடாது. காணியை நாம் பேர்ச்சில்தான் அளக்கிறோம். எனவே கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 247 ஏக்கர். ஏக்கருக்கு 160 பேர்ச். ஆக, கிட்டத்தட்ட 39,500 பேர்ச். இதை அடர்த்தியால் பிரித்தால் ஆளுக்கு எத்தனை பேர்ச் என்பது வந்துவிடும்.

மட்டக்களப்பு மாவட்டச் சராசரியான 202ஆல் பிரித்தால் ஆளுக்குச் சுமார் 195 பேர்ச், அதாவது ஏக்கருக்கும் மேல். 4,000ஆல் பிரித்தால் பத்துப் பேர்ச்சுக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பத்திலும் வீதி, பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, மையவாடி எல்லாம் அடங்கும். அவற்றைக் கழித்துவிட்டுத்தான் வீட்டு வளவைப் பார்க்க வேண்டும். மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கமாக உள்ள ஊரில், உம்மாவின் வளவு இரண்டாகி, நாலாகி, கடைசியில் மதிலும் மதிலும் முட்டி நிற்பதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

அம்பாறை மாவட்டத்திலும் இதே கதைதான். 2012இல் மாவட்ட அடர்த்தி ஏறக்குறைய 154. அதில் உள்நாட்டுக் காடும் வயலும் சேர்ந்திருக்கின்றன. கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கத்து நெருக்கம் அந்த 154க்குள் மறைந்துபோகிறது. மாவட்டக் கணக்கைக் காட்டி "இங்கே காணி தாராளம்" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஊருக்கு அது பொருந்தாது.

உலகில் இதற்கு நல்ல உதாரணம் எகிப்து. பரப்பு ஏறக்குறைய 10 இலட்சம் சதுர கிலோமீட்டர், மக்கள் 10 கோடிக்கும் மேல். சராசரி நூறை ஒட்டி வரும். ஆனால் நிலத்தின் பெரும்பகுதி பாலைவனம். மக்களில் சுமார் 95 வீதமானோர் நைல் நதியை அண்டிய 5 வீத நிலத்தில் வாழ்கிறார்கள். அந்த நிலத்தை மட்டும் வைத்துப் பிரித்தால் ஏறக்குறைய 1,900. இதனால்தான் மொத்த நிலத்தால் பிரிப்பதோடு நில்லாமல், பயிர்செய்கை நிலத்தால் ஒரு தடவை, குடியிருப்பு நிலத்தால் ஒரு தடவை என்று தனித்தனியே கணக்கிடுகிறார்கள். முன்னது ஒரு துண்டு வயல் எத்தனை வாய்க்குச் சோறு போட வேண்டும் என்று சொல்லும். பின்னது வீட்டு நெருக்கத்தைச் சொல்லும்.

நிலம் குறைந்தாலும் அடர்த்தி கூடும். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஒரு பேச்சுக்கு, கடலுக்கும் வயலுக்கும் இடையே 2 கிலோமீற்றர் அகலமும் 2 கிலோமீற்றர் நீளமும் உள்ள ஊரில் 20,000 பேர் என்று வைப்போம். அடர்த்தி 5,000. இருநூறு மீற்றரை விட்டால் மிஞ்சுவது 3.6 சதுர கிலோமீட்டர். ஒரு பிள்ளைகூடப் புதிதாகப் பிறக்காமலே அடர்த்தி 5,555ஐத் தாண்டிவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடர்த்தி கூடியதெல்லாம் கஷ்டம் என்றில்லை. மாடி வீடுகள் எழுந்தால் அதே நிலத்தில் கூடுதலானோர் வசதியாக வாழலாம். பள்ளி, கடை, வைத்தியசாலை எல்லாம் நடை தூரத்தில் இருக்கும். வீட்டு நெருக்கத்தை அறிய ஓர் அறைக்கு எத்தனை பேர் என்றும் பார்க்க வேண்டும். ஆனால் மைதானத்துக்கும் மையவாடிக்கும் மாடி கட்ட முடியாது.

உங்கள் ஊருக்கு நீங்களே கணக்குப் போடலாம். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியான குடித்தொகையைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடுகிறது. நிலப்பரப்பைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். குடித்தொகையும் நிலப்பரப்பும் ஒரே எல்லைக்கும் ஒரே ஆண்டுக்கும் உரியவையா என்று பாருங்கள். வாவியும் வயலும் சேர்ந்ததா, கழித்ததா என்று எழுதிவையுங்கள். பக்கத்துத் தமிழ், சிங்கள ஊர்களின் கணக்கையும் அதே முறையில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். அவர்களிலும் நம்மைப் போல் நெருங்கி வாழ்பவர்கள் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நீதி. கோரிக்கைக்கும் அது பலம்.

"காணி காணாது" என்ற வரிக்குப் பக்கத்தில் "ஆளுக்கு இத்தனை பேர்ச், அதில் பொதுத் தேவைக்கு இத்தனை" என்று எழுதப்பட்டால், வாசிக்கும் அதிகாரி அதற்கு எண்ணாலேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.