அனுப்பியாச்சு... போய்ச் சேர்ந்துச்சா?

பைனல் இயர் வந்துட்டா வீட்டுல ஒரே கேள்விதான்: "எந்த கம்பெனில கிடைச்சிருக்கு?" எனக்குக் கிடைத்தது ஒரு பி.ஆர். நிறுவனத்தில். அப்பா கேட்டார்: "ஈ.சி.ஈ. படிச்சிட்டு இது என்ன ஜோலிடே? சினிமாவுக்கு போஸ்டர் ஒட்டுறதா?"

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. பி.ஆர்.ஓ. என்ற சொல்லை நம்ம ஊரில் பழக்கியதே சினிமாதான். 1958ல் வந்த 'நாடோடி மன்னன்' படத்துக்கு வேலை செய்த பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. படத்தின் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் தொடங்கியது அவர் வேலை. ஆனால் அவர் பெயர் நிலைத்தது அவர் சேர்த்து வைத்த தகவல்களால். எந்தப் படம், எந்த வருஷம், யார் நடித்தது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கும்.

விளம்பரத்துக்கும் மக்கள் தொடர்புக்கும் வித்தியாசம் இதுதான். விளம்பரத்தில் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம். செய்தியில் இடம் வாங்க முடியாது. நம்ம தகவல் உண்மையா, வாசகருக்குத் தேவையா என்று பார்த்துத்தான் பத்திரிகையாளர் போடுவார். அதனால் புதுசாகச் சேர்பவருக்கு முதல் ஒன்றிரண்டு வருஷம் பெரிய மேடை எதுவும் கிடையாது. காலையில் பேப்பர் எல்லாம் பார்த்து செய்தி வந்திருக்கா என்று எடுத்து வைப்பது, எந்த நிருபர் எந்தத் துறை எழுதுகிறார் என்று பட்டியல் போடுவது, பிரஸ் நோட் எழுதுவது, போன் பண்ணுவது. போர் அடிக்கிற வேலை மாதிரி தெரியும்.

அது அப்படி இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது ஒக்கி.

2017 நவம்பர் 29, 30. நான் அப்போ ஸ்கூல். நம்ம மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன. கரன்ட் இல்லை, போனும் இல்லை. ஆனால் உண்மையான இழப்பு கடலில் இருந்தது. கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வெளியானது உண்மைதான். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள் அவர்கள். படகில் இருக்கும் சாதாரண வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. ஏற்கெனவே போனவனிடம் "போகாதே" என்று சொல்லி என்ன பயன்?

நம்ம பாடத்தில் சொல்வோமே, டிரான்ஸ்மிட்டர் ஒழுங்காக வேலை செய்வதால் மட்டும் தகவல் போய்ச் சேர்ந்ததாக அர்த்தமில்லை. ரிசீவர் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்கணும்.

கரையிலும் அதே பிரச்சினை. எத்தனை பேரைக் காணவில்லை என்பதில் அரசு சொன்ன எண்ணும் ஊர்க்காரர்கள் சொன்ன எண்ணும் ஒத்துப்போகவில்லை. டிசம்பர் 7ல் கடலோர மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தார்கள். அவர்கள் கேட்டது நிவாரணம் மட்டுமில்லை, தங்கள் கணக்கை யாராவது காது கொடுத்துக் கேட்கணும் என்பதும்தான்.

2019ல் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத்தில் மீனவரின் மொபைலுக்குத் தரும். நல்ல விஷயம். ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் அனுப்ப முடியாது. அந்தப் பக்கத்தைக் கேட்க வேறு வழி வேணும்.

கேட்பதும் மறைக்காமல் சொல்வதும் இந்தத் துறையில் பழைய பாடம். 1906ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதுதான் அன்றைய கம்பெனிகளின் வழக்கம். ரயில் கம்பெனிக்கு வேலை பார்த்த ஐவி லீ, நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார், நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்தார். முதல் பிரஸ் ரிலீஸ் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கிற ஜூனியர்களுக்கு மூணு விஷயம். ஒன்று, மெயில் அனுப்பியதோடு வேலை முடியவில்லை, கிடைச்சுதா, புரிஞ்சுதா என்று கேளுங்க. இரண்டு, தெரியாத கேள்விக்கு "விசாரிச்சு இன்னைக்கே சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி செய்யுங்க. ஒரு பொய் போதும், அந்த நிருபர் அடுத்த தடவை போன் எடுக்க மாட்டார். மூணு, வெளியே மக்கள் சொல்வதை, கசப்பாக இருந்தாலும், உள்ளே பெரியவர்களிடம் அப்படியே சொல்லுங்க. புதுசா வந்தவருக்கு இதுதான் கஷ்டம். ஆனால் அதற்குத்தான் சம்பளம்.

அப்பாவிடம் இப்போ பதில் சொல்லிட்டேன்: "போஸ்டர் ஒட்டுறது இல்லப்பா. சொன்னது போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்குற ஜோலி." கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "செரி, அது வேணுந்தான்" என்றார்.